பல டேட்டாபேஸ்களுக்குப் பொதுவான ஸ்டோர்ட் புரொசீஜர்கள்: குறைந்த அனுமதியில் ஓடவைப்பது எப்படி?

ஒரே சர்வரில் பல டேட்டாபேஸ்கள் இருந்தால், எல்லாருக்கும் தேவைப்படும் புரொசீஜர்களை (டேட்டாபேஸிலேயே சேமித்து, பெயர் சொல்லிக் கூப்பிடும் கட்டளைத் தொகுப்புகளை) ஒரே இடத்தில் வைத்துவிடுவது வழக்கம். பராமரிக்கச் சுலபம். தொல்லை அனுமதியில்தான் வரும். "எனக்கு ஓடமாட்டேங்குது" என்று ஒருவர் சொன்ன உடனே அவரை அந்த டேட்டாபேஸில் எதையும் செய்யவிடும் டிபி_ஓனர் ரோலில் சேர்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படிப் போகாமல், தேவையானதை மட்டும் கொடுத்து வேலையை முடிக்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பேச்சு முழுக்க மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரைப் பற்றியது. மற்றவற்றைக் கடைசியில் தொட்டுப் போகிறேன்.

உதாரணம் ஒன்றையே முழுக்கப் பிடித்துக்கொள்வோம். சர்வரில் பொது, விற்பனை என்று இரண்டு டேட்டாபேஸ்கள். பொது டேட்டாபேஸில் மாத_அறிக்கை என்ற புரொசீஜர். அது விற்பனை டேட்டாபேஸில் உள்ள ஆர்டர் டேபிளைப் படிக்க வேண்டும். ஓட்டப்போவது ரிப்போர்ட் என்ற லாகின்.

பொது டேட்டாபேஸில் உள்ள புரொசீஜரை ஓட்டக் குறைந்தபட்சம் என்னென்ன வேண்டும்?

மூன்று. சர்வரில் ஒரு லாகின் (சர்வருக்குள் நுழையும் அடையாளம்), பொது டேட்டாபேஸில் அந்த லாகினுக்கு ஒரு யூசர் (அந்த டேட்டாபேஸுக்குள் அதே ஆளின் அடையாளம்), அந்தப் புரொசீஜர் மேல் எக்ஸிக்யூட் அனுமதி. யூசரை உருவாக்கும்போதே கனெக்ட் அனுமதி தானாக வந்துவிடும். புரொசீஜர் தன் டேட்டாபேஸில் உள்ள டேபிள்களை மட்டும் தொடுகிறது என்றால் கதை இத்தோடு முடிந்தது. டேபிள்கள் மேல் செலக்ட்கூடக் கொடுக்க வேண்டாம்.

டேபிள் மேல் அனுமதியே இல்லாதவருக்கு அது எப்படித் தரவைக் காட்டுகிறது?

ஓனர்ஷிப் செயினிங். புரொசீஜருக்கும் டேபிளுக்கும் ஓனர் ஒரே ஆளாக இருந்தால், புரொசீஜருக்குள்ளிருந்து டேபிளைத் தொடும்போது சர்வர் அனுமதியைச் சோதிப்பதே இல்லை. சோதித்துவிட்டுப் பாஸ் போடுகிறது என்று நினைக்க வேண்டாம், சோதனையே நடக்காது. அதனால் அந்த டேபிள் மேல் ரிப்போர்ட்டுக்கு டினை (வெளிப்படையான தடை) போட்டிருந்தாலும் புரொசீஜர் வழியாகத் தரவு வரும். இதைப் பார்த்து மிரண்டு போகிறவர்கள் உண்டு. ஆனால் வடிவமைப்பே அப்படித்தான்.

இதற்கு எல்லை உண்டு. செலக்ட், இன்சர்ட், அப்டேட், டிலீட், மெர்ஜ், அப்புறம் இன்னொரு புரொசீஜரைக் கூப்பிடும் எக்ஸிக்யூட், இவற்றுக்குத்தான் செல்லும். டிரங்கேட் டேபிளுக்குச் செல்லாது, அதற்கு டேபிள் மேல் ஆல்டர் அனுமதி வேண்டும். டைனமிக் எஸ்க்யூஎல்லுக்கும் செல்லாது. சரத்தாகக் கோர்த்து ஓட்டும் கட்டளை சங்கிலிக்கு வெளியே நின்று ஓடுகிறது. அங்கே கூப்பிட்டவரின் சொந்த அனுமதிதான் பார்க்கப்படும். "அதே குவரிதானே, நேற்று வரை ஓடியதே" என்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, யாராவது அதை டைனமிக் ஆக்கினார்களா என்பதுதான்.

எக்ஸிக்யூட்டை ஒவ்வொரு புரொசீஜருக்கும் தனித்தனியாகக் கொடுப்பதா, ஸ்கீமாவுக்கே கொடுப்பதா?

வெளியாட்கள் ஓட்டலாம் என்று முடிவான புரொசீஜர்களை ஒரு தனி ஸ்கீமாவில் (டேட்டாபேஸுக்குள் டேபிள், புரொசீஜர்களைத் தொகுத்துவைக்கும் பிரிவு) போடுங்கள். ஒரு ரோல் உருவாக்கி, அந்த ஸ்கீமா மேல் எக்ஸிக்யூட் கொடுங்கள். யூசர்களை ரோலில் சேர்த்தால் போதும். நாளைக்குப் புதிதாக ஒரு புரொசீஜர் அங்கே வந்தால் அனுமதி தானாக வரும். அதுதான் வசதி, அதுவேதான் ஆபத்தும். எதை அங்கே வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். இயல்பு ஸ்கீமாவான டிபிஓ முழுவதற்கும் எக்ஸிக்யூட் கொடுப்பதை நான் தவிர்ப்பேன். பழைய சாமான்கள் எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

இன்னொன்று: ஸ்கீமா மேல் ஆல்டர், டேட்டாபேஸில் கிரியேட் புரொசீஜர், இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தால் அவர் அந்த ஸ்கீமா ஓனரின் எல்லா டேபிளையும் படிக்க முடியும். புரொசீஜர் எழுதினால் அது ஸ்கீமா ஓனரின் பெயரில் போய்விடும், சங்கிலி தானாகச் சேர்ந்துவிடும். "புரொசீஜர் எழுத மட்டும்தானே விட்டிருக்கிறேன்" என்பது அவ்வளவு சின்ன அனுமதி இல்லை.

229 என்று ஒரு பிழை, 916 என்று ஒரு பிழை. இரண்டும் ஒன்றா?

இல்லை, இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. 229 என்றால் டேட்டாபேஸுக்குள் நுழைந்தாயிற்று, ஆனால் குறிப்பிட்ட ஒரு பொருள் மேல் குறிப்பிட்ட ஓர் அனுமதி இல்லை. எந்த அனுமதி, எந்தப் பொருள், எந்த டேட்டாபேஸ், எந்த ஸ்கீமா என்று செய்தியிலேயே இருக்கும். முழுதாகப் படியுங்கள். புரொசீஜர் பொது டேட்டாபேஸில் இருக்க, செய்தியில் விற்பனை என்று வந்தால் சிக்கல் டேபிள் பக்கம் என்று உடனே தெரிந்துவிடும்.

916 என்றால் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று பொருள். அந்த டேட்டாபேஸில் யூசர் இல்லை, அல்லது இப்போது ஓடும் பாதுகாப்புச் சூழலை அந்த டேட்டாபேஸ் ஏற்கவில்லை. இரண்டாவது காரணம்தான் ஆட்களைச் சுற்றவிடும். கீழே வருகிறது.

இரண்டு டேட்டாபேஸ்களுக்கு நடுவிலும் ஓனர்ஷிப் செயினிங் வேலை செய்யுமா?

செய்யும், ஆனால் சும்மா இருந்தால் செய்யாது. நாமாக இயக்கிவிட வேண்டும். சர்வர் முழுவதற்கும் எஸ்பி_கான்ஃபிகர் வழியாக "கிராஸ் டிபி ஓனர்ஷிப் செயினிங்" என்று ஓர் அமைப்பு உண்டு. அதைத் தொடாமல், வேண்டிய டேட்டாபேஸ்களுக்கு மட்டும் டிபி_செயினிங் ஆன் என்று வைக்கலாம். இரண்டு பக்கமும் வைக்க வேண்டும்: புரொசீஜர் இருக்கும் இடத்திலும், டேபிள் இருக்கும் இடத்திலும்.

அது மட்டும் போதாது. ஓனரும் ஒன்றாக இருக்க வேண்டும். எல்லாமே டிபிஓ ஸ்கீமாவில்தான் இருக்கிறது, அப்படியென்றால் ஓனர் ஒன்றுதானே என்று தோன்றும். அங்கேதான் வழுக்கும். டிபிஓ என்பது ஒவ்வொரு டேட்டாபேஸிலும் அந்த டேட்டாபேஸின் ஓனர் லாகினைக் குறிக்கும். பொது டேட்டாபேஸின் ஓனர் ஒரு லாகின், விற்பனையின் ஓனர் வேறொரு லாகின் என்றால் இரண்டு டிபிஓவும் வேறு வேறு ஆட்கள். சங்கிலி அறுந்துவிடும். சிஸ்.டேட்டாபேஸஸ் வியூவில் ஓனர்_சிட் (ஓனரின் உள் அடையாள எண்) என்ற நெடுவரிசை இரண்டுக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மாற்ற வேண்டுமானால் ஆல்டர் ஆதரைசேஷன் ஆன் டேட்டாபேஸ்.

மூன்றாவதாக, ரிப்போர்ட் லாகினுக்கு விற்பனை டேட்டாபேஸிலும் ஒரு யூசர் வேண்டும். டேபிள் அனுமதி ஒன்றும் வேண்டாம், உள்ளே நுழைய மட்டும். இல்லையென்றால் 916.

அதற்குப் பதிலாக விற்பனையில் கெஸ்ட் யூசரைத் திறந்துவிட்டால் என்ன?

வேண்டாம். சர்வரில் லாகின் உள்ள எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள்.

செயினிங்கை இயக்குவதில் அப்படி என்ன ஆபத்து?

பொது டேட்டாபேஸில் ஒருவர் டிபி_ஓனர் ரோலில் இருக்கிறார் என்று வையுங்கள். விற்பனையில் அவருக்கு வெறும் யூசர், வேறொன்றும் இல்லை. இரண்டு டேட்டாபேஸுக்கும் ஓனர் ஒன்று, செயினிங் இயங்குகிறது. அவர் பொது டேட்டாபேஸில் டிபிஓ பெயரில் ஒரு புரொசீஜர் எழுதி, விற்பனையில் டிபிஓவுக்குச் சொந்தமான எந்த டேபிளையும் படிக்கலாம், மாற்றவும் செய்யலாம். விற்பனையின் நிர்வாகிக்கு இது தெரியவே தெரியாது. அவர் பக்கத்து அனுமதிப் பட்டியல் சுத்தமாகத்தான் இருக்கும்.

ஒரே குழுவுக்குச் சொந்தமான, ஒரே ஆட்கள் நிர்வகிக்கும் இரண்டு மூன்று டேட்டாபேஸ்கள் என்றால் செயினிங் நியாயமான வழிதான். அப்போதும் அந்தக் குழுவுக்கென்று தனியாக ஒரு லாகினை உருவாக்கி, முடக்கிவைத்து, அதை ஓனராக்குங்கள். எல்லா டேட்டாபேஸுக்கும் சர்வரின் முழு அதிகார லாகினான எஸ்ஏதான் ஓனர், சர்வர் அளவிலும் செயினிங் ஆன் என்று வைத்தால், சம்பந்தமே இல்லாத டேட்டாபேஸ்களும் ஒரே சங்கிலியில் மாட்டிக்கொள்ளும். பல சர்வர்களில் ஓனராக எஸ்ஏதான் இருக்கிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

புரொசீஜரில் எக்ஸிக்யூட் ஆஸ் ஓனர் என்று எழுதினேன். ஓனர் எஸ்ஏ. ஆனாலும் 916 வருகிறது, அதுவும் எஸ்ஏவுக்கே நுழைய அனுமதி இல்லை என்று! எப்படி?

செய்தியைப் பார்த்தால் சர்வருக்கே கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று தோன்றும். விஷயம் இதுதான்: எக்ஸிக்யூட் ஆஸ் ஓனர் போட்டால், புரொசீஜர் ஓடும் நேரத்தில் நீங்கள் அந்த டேட்டாபேஸின் யூசராக மாறுகிறீர்கள். "இவர்தான் எஸ்ஏ" என்று சொல்வது பொது டேட்டாபேஸ். அந்தப் பேச்சை விற்பனை டேட்டாபேஸ் ஏன் நம்ப வேண்டும்? நம்பாது. அதனால் இந்த வேஷம் அந்த டேட்டாபேஸின் எல்லைக்குள் மட்டும் செல்லும்.

எல்லை தாண்ட வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று, பொது டேட்டாபேஸில் ட்ரஸ்ட்வொர்த்தியை (இந்த டேட்டாபேஸின் பேச்சை நம்பலாம் என்று சொல்லும் அமைப்பு) ஆன் செய்து, அதன் ஓனருக்கு விற்பனையில் ஆதென்டிகேட் அனுமதி கொடுப்பது. ஓனர் எஸ்ஏ என்றால் ஆதென்டிகேட் தனியாகத் தேவைப்படாது. இன்னொன்று, புரொசீஜரைச் சர்டிஃபிகேட்டால் கையொப்பமிடுவது. 15562 பிழையைப் பார்த்திருந்தால் நினைவிருக்கும், அந்தச் செய்தியே இந்த இரண்டு வழிகளையும் சொல்லும்.

அப்படியானால் ட்ரஸ்ட்வொர்த்தியை ஆன் செய்துவிடலாமே? இணையத்தில் பாதிப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள்.

ஒரே வரியில் பிழை போய்விடும், அதனால் சொல்கிறார்கள். ஆனால் ட்ரஸ்ட்வொர்த்தி ஆன், டேட்டாபேஸ் ஓனர் எஸ்ஏ அல்லது வேறு சிஸ்அட்மின் (சர்வர் முழுவதற்கும் அதிகாரம் உள்ளவர்), இந்த இரண்டும் சேர்ந்தால் அந்த டேட்டாபேஸில் டிபி_ஓனர் ரோலில் உள்ள யாரும் சர்வருக்கே சிஸ்அட்மின் ஆகிவிடலாம். எக்ஸிக்யூட் ஆஸ் டிபிஓ என்று ஒரு புரொசீஜர், அதற்குள் தன்னை சிஸ்அட்மின் ரோலில் சேர்க்கும் கட்டளை. அவ்வளவுதான். ஓர் அறிக்கை ஓடுவதற்காகச் சர்வரையே கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

எஸ்க்யூஎல் சர்வரின் சொந்த டேட்டாபேஸான எம்எஸ்டிபியில் ட்ரஸ்ட்வொர்த்தி ஆரம்பத்திலிருந்தே ஆன்தான், அதைத் தொடாதீர்கள். உங்கள் டேட்டாபேஸ்களில் எவையெவை ஆன் என்று சிஸ்.டேட்டாபேஸஸில் இஸ்_ட்ரஸ்ட்வொர்த்தி_ஆன் நெடுவரிசையைப் பார்த்தால் தெரியும். பட்டியலில் எதிர்பாராத பெயர் இருந்தால், முதலில் ஓனரை அதிகாரமில்லாத ஒரு லாகினுக்கு மாற்றுவது பற்றி யோசியுங்கள். ட்ரஸ்ட்வொர்த்தியை அணைத்தால் எது உடையும் என்று தேடுவது அதற்கப்புறம்.

சரி, சர்டிஃபிகேட் வழிதான் நல்லது என்கிறீர்கள். படிப்படியாகச் சொல்ல முடியுமா?

முதலில் கருத்து. ஆளுக்கு அனுமதி கொடுக்காமல் குறிப்பிட்ட அந்தப் புரொசீஜருக்கு அனுமதி கொடுக்கிறோம். புரொசீஜரை ஒரு சர்டிஃபிகேட்டால் (கையொப்பமிட ஒரு தனிச் சாவியும் அதைச் சரிபார்க்க ஒரு பொதுச் சாவியும் கொண்டது) கையொப்பமிடுகிறோம். அதே சர்டிஃபிகேட்டிலிருந்து விற்பனையில் ஒரு யூசரை உருவாக்கி, அந்த யூசருக்குச் செலக்ட் கொடுக்கிறோம். புரொசீஜர் ஓடும்போது மட்டும், கூப்பிட்டவரின் அனுமதிகளோடு அந்தச் சர்டிஃபிகேட் யூசரின் அனுமதிகளும் சேர்ந்துகொள்ளும். ஓடி முடிந்ததும் போய்விடும். எஸ்க்யூஎல் சர்வர் 2005-இலிருந்தே இந்த வசதி இருக்கிறது. இருந்தும் பலர் இதன் பக்கமே போவதில்லை. சர்டிஃபிகேட் என்ற பெயரைக் கேட்டதும் நெட்வொர்க் ஆட்களின் சமாசாரம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள் போல.

பொது டேட்டாபேஸில் ஆரம்பியுங்கள். கிரியேட் சர்டிஃபிகேட் கட்டளையில் ஒரு பெயர், தனிச் சாவியைப் பூட்ட ஒரு கடவுச்சொல், சப்ஜெக்ட் என்ற இடத்தில் எதற்கானது என்று ஒரு வரி. இந்த வரியைச் சோம்பலில் நிரப்பாதீர்கள். நாளைக்கு வருகிறவருக்கு அதுதான் துப்பு. "மாத_அறிக்கைக்கு விற்பனை.ஆர்டர் மேல் செலக்ட்" என்று எழுதினால் போதும். பிறகு ஆட் சிக்னேச்சர் கட்டளையால் மாத_அறிக்கையில் கையொப்பமிடுங்கள். அந்தக் கடவுச்சொல் இங்கே தேவைப்படும்.

அடுத்து, சர்டிஃபிகேட்டை விற்பனைக்குக் கொண்டுபோக வேண்டும். பேக்கப் சர்டிஃபிகேட் மூலம் கோப்பாக எடுத்து அந்தப் பக்கம் ஏற்றலாம். எஸ்க்யூஎல் சர்வர் 2012 முதல் சர்ட்என்கோடட் என்ற ஃபங்ஷன் இருப்பதால் கோப்பே தேவையில்லை. அது பொதுச் சாவியை பைனரியாகத் தரும். விற்பனையில் கிரியேட் சர்டிஃபிகேட் ஃப்ரம் பைனரி என்று கொடுத்து அதை ஒட்டிவிடலாம். அங்கே மாறியைக் கொடுத்தால் ஏற்காது, மதிப்பையே நேரடியாக எழுத வேண்டும். அதனால் ஸ்கிரிப்ட்டில் இந்த ஒரு கட்டளையை டைனமிக்காகக் கோர்க்க வேண்டியிருக்கும். விற்பனைக்குப் பொதுச் சாவி மட்டும் போனால் போதும் என்பதைக் கவனியுங்கள். தனிச் சாவியையும் சேர்த்துக் கொண்டுபோகும் ஸ்கிரிப்ட்டுகள் நிறையச் சுற்றுகின்றன. இந்தத் தேவைக்கு அது வேண்டாத சுமை.

இப்போது விற்பனையில் கிரியேட் யூசர் ஃப்ரம் சர்டிஃபிகேட். இந்த யூசரை வைத்து யாரும் லாகின் செய்ய முடியாது. அதற்கு ஆர்டர் டேபிள் மேல் செலக்ட் கொடுங்கள். எல்லா டேபிளையும் படிக்கவிடும் டிபி_டேட்டாரீடர் ரோலில் சேர்க்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பொது டேட்டாபேஸில் ஆல்டர் சர்டிஃபிகேட் கட்டளையால் தனிச் சாவியை நீக்கிவிடுங்கள். கையொப்பம் அப்படியே இருக்கும், ஓடும். ஆனால் அதே சர்டிஃபிகேட்டால் இனி யாரும் வேறு புரொசீஜரில் கையொப்பமிட முடியாது. அடுத்த முறை மாற்றம் வரும்போது புது சர்டிஃபிகேட், புதுக் கையொப்பம். இது அதிகப்படி என்று தோன்றினால், சாவியை வைத்துக்கொண்டு கடவுச்சொல்லைப் பத்திரப்படுத்தும் வழியும் உண்டு. கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கும் என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

ரிப்போர்ட் லாகினுக்கு விற்பனையில் யூசர் வேண்டாமா?

வேண்டாம். சர்டிஃபிகேட் யூசரின் கனெக்ட் அனுமதியே உள்ளே நுழைய உதவிவிடுகிறது. செயினிங்கைவிட இதை நான் விரும்புவதற்கு முக்கியக் காரணம் இது. புரொசீஜரை விட்டு வெளியே வந்தால் ரிப்போர்ட்டுக்கு விற்பனை டேட்டாபேஸின் வாசல்கூடத் திறக்காது.

நேற்று வரை ஓடியது, இன்று காலை புதுப் பதிப்பு ஏற்றியதும் 916. என்ன ஆயிற்று?

கையொப்பம் போயிருக்கும். கையொப்பம் புரொசீஜரின் வரிகளோடு கட்டப்பட்டது, ஆல்டர் புரொசீஜர் ஓடினாலே அது அழிந்துவிடும். ஒரு கமென்ட்டை மாற்றினாலும் அப்படித்தான். எரிச்சலாக இருக்கும். ஆனால் இந்த எரிச்சல்தான் பாதுகாப்பு: யாரோ புரொசீஜருக்குள் வேறு குவரியைச் செருகினால், பழைய அனுமதி அதற்குக் கிடைக்காது.

எனவே கையொப்பமிடும் வேலையைப் பதிப்பு ஏற்றும் ஸ்கிரிப்ட்டிலேயே, புரொசீஜருக்கு அடுத்த படியாக வைத்துவிடுங்கள். கையால் செய்தால் என்றாவது மறந்துபோகும். இப்போது எவற்றில் கையொப்பம் இருக்கிறது என்பதை சிஸ்.கிரிப்ட்_ப்ராப்பர்ட்டீஸ் வியூவில் பார்க்கலாம். அதை சிஸ்.சர்டிஃபிகேட்ஸோடு தம்ப்பிரின்ட் வழியாகச் சேர்த்தால் எந்தச் சர்டிஃபிகேட் என்றும் தெரியும்.

கையொப்பமிட்ட புரொசீஜர் இன்னொரு புரொசீஜரைக் கூப்பிட்டால்?

கூடுதல் அனுமதி கூடவே போகாது. உள்ளே இருக்கும் புரொசீஜர் கையொப்பமில்லாததாக இருந்தால், அதற்குள் நுழைந்ததும் சர்டிஃபிகேட்டின் அனுமதிகள் கழன்றுவிடும், திரும்பி வந்ததும் மீண்டும் வரும். டிரிகருக்கும் (டேபிளில் மாற்றம் வந்தால் தானாக ஓடுவது) இதே கதைதான். இன்சர்ட் செய்யும் புரொசீஜரில் கையொப்பம் இருக்கிறது, டேபிளில் உள்ள டிரிகர் வேறு டேட்டாபேஸில் ஒரு பதிவை எழுதுகிறது என்றால், டிரிகரிலும் கையொப்பம் வேண்டும்.

உள்ளே இருப்பதை யாரும் தனியாகக் கூப்பிட்டு அனுமதி பெறக் கூடாது, வெளிப் புரொசீஜர் வழியாக வந்தால் மட்டும் கிடைக்க வேண்டும் என்றால், உள்ளே இருப்பதற்கு ஆட் கவுன்டர் சிக்னேச்சர் போடுங்கள். அழகான வசதி, அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. வியூக்களில் கையொப்பமிட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

டைனமிக் எஸ்க்யூஎல்?

கையொப்பமிட்ட புரொசீஜருக்குள் ஓடும் டைனமிக் எஸ்க்யூஎல்லுக்குச் சர்டிஃபிகேட்டின் அனுமதிகள் கிடைக்கும். செயினிங் கைவிடும் இடத்தில் இது கைகொடுக்கிறது. பொதுப் புரொசீஜர் எந்த டேட்டாபேஸைப் படிக்க வேண்டும் என்று பெயரை அளவுருவாக வாங்கும் வடிவமைப்புகளில் டைனமிக்கைத் தவிர்க்கவும் முடியாது, ஏனென்றால் சாதாரணமாக எழுதிய டேபிள் பெயர் புரொசீஜர் இருக்கும் டேட்டாபேஸிலேயே தேடப்படும்.

ஆனால் இங்கே இன்ஜெக்‌ஷன் ஓட்டை (அளவுருவுக்குள் வேறு கட்டளையைச் செருக இடம்) இருந்தால், உள்ளே நுழைந்தவருக்கும் அந்தக் கூடுதல் அனுமதி கிடைக்கும். பொருள்களின் பெயர்களை குவோட்நேம் ஃபங்ஷன் வழியாக அனுப்புங்கள், மதிப்புகளை எஸ்பி_எக்ஸிக்யூட்எஸ்க்யூஎல்லுக்கு அளவுருவாகக் கொடுங்கள். டேட்டாபேஸ் பெயர் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

டினை போட்டிருந்தால் கையொப்பம் அதை மீறுமா?

மீறாது. செயினிங்கில் சோதனையே நடக்காததால் டினை கண்ணில் படுவதில்லை என்று பார்த்தோம். கையொப்பத்தில் சோதனை நடக்கிறது: கூப்பிட்டவரின் அனுமதியும் சர்டிஃபிகேட்டின் அனுமதியும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கப்படும், அதில் எங்காவது டினை இருந்தால் அதுவே வெல்லும். கையொப்பமெல்லாம் சரியாக இருந்தும் ஒருவருக்கு மட்டும் 229 வருகிறது என்றால், அவர் எந்த ரோலில் இருக்கிறார், அந்த ரோலுக்கு டினை இருக்கிறதா என்று தேடுங்கள்.

தணிக்கைப் பதிவில் யார் ஓட்டினார்கள் என்று சரியாகத் தெரியுமா?

கையொப்பத்தில் தெரியும், ஏனென்றால் கூப்பிட்டவர் கூப்பிட்டவராகவே இருக்கிறார். எக்ஸிக்யூட் ஆஸ் போட்டால் சூசர்_எஸ்நேம் ஃபங்ஷன் வேஷம் போட்டவரின் பெயரைத்தான் தரும். உண்மையான ஆளை அறிய ஒரிஜினல்_லாகின் ஃபங்ஷனுக்கு மாற வேண்டும். "யார் மாற்றினார்" என்ற நெடுவரிசையை டிஃபால்ட்டாக நிரப்பும் பழைய டேபிள்கள் இருந்தால், எக்ஸிக்யூட் ஆஸைச் சேர்க்கும் முன் அவற்றைப் பாருங்கள்.

ரிப்போர்ட்டாக மாறி நானே சோதித்துப் பார்ப்பது எப்படி?

எக்ஸிக்யூட் ஆஸ் லாகின் போட்டு, புரொசீஜரை ஓட்டிப் பார்த்து, ரிவர்ட் செய்யுங்கள். எக்ஸிக்யூட் ஆஸ் யூசர் போட்டுவிடாதீர்கள். அது மேலே சொன்ன அதே எல்லைக்குள் மாட்டிக்கொள்ளும். அமைப்பு சரியாக இருந்தாலும் செயினிங் சோதனையில் 916 வரும், அதை நம்பி சரியாக இருப்பதை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். இந்த நிமிடத்தில் எந்தெந்த அடையாளங்கள் சேர்ந்திருக்கின்றன என்று பார்க்க, புரொசீஜருக்குள் தற்காலிகமாக விற்பனையின் சிஸ்.யூசர்_டோக்கனைச் செலக்ட் செய்யலாம். சர்டிஃபிகேட் யூசரின் பெயர் அந்தப் பட்டியலில் வர வேண்டும். இந்த வரியைச் சேர்த்தாலும் எடுத்தாலும் மறுபடி கையொப்பமிட வேண்டும், மறக்க வேண்டாம்.

சோதனையை இரண்டு பக்கமும் செய்யுங்கள். புரொசீஜர் ஓட வேண்டும்; ஆர்டர் டேபிளை நேரடியாகச் செலக்ட் செய்தால் பிழை வர வேண்டும். இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

டேட்டாபேஸை வேறு சர்வருக்கு ரீஸ்டோர் செய்தால் எது உடையும்?

முதலில் ஓனர். புதிதாக ரீஸ்டோர் செய்தால், செய்தவரே ஓனராக ஆகிவிடுவார், செயினிங் அறுந்துபோகும். ட்ரஸ்ட்வொர்த்தி அணைந்துவிடும். சாதாரண எஸ்க்யூஎல் லாகின்களின் யூசர்கள் லாகினோடு தொடர்பு இழந்து நிற்பார்கள், ஏனென்றால் இரண்டு சர்வரிலும் சிட் வேறு. ஆல்டர் யூசர் வித் லாகின் போட்டு இணைக்க வேண்டும். சர்டிஃபிகேட்டும் அதன் யூசரும் கையொப்பமும் டேட்டாபேஸுக்குள்ளேயே இருப்பதால் கூடவே வந்துவிடும். அந்த யூசரின் சிட் சர்டிஃபிகேட்டின் தம்ப்பிரின்ட்டிலிருந்து உருவாவதால் லாகினைத் தேடும் பிரச்சினையே இல்லை. இரண்டு டேட்டாபேஸையும் கொண்டுபோனால் அப்படியே ஓடும்.

புரொசீஜருக்குச் சர்வர் அளவிலான அனுமதி தேவைப்பட்டால், உதாரணமாக வியூ சர்வர் ஸ்டேட் (சர்வரின் நிலையைப் பார்க்கும் அனுமதி)?

அதே முறைதான். சர்டிஃபிகேட்டை மாஸ்டர் டேட்டாபேஸுக்குக் கொண்டுபோய், அங்கே யூசருக்குப் பதில் கிரியேட் லாகின் ஃப்ரம் சர்டிஃபிகேட், அந்த லாகினுக்கு அனுமதி.

மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிளில் இதெல்லாம் உண்டா?

மைஎஸ்க்யூஎல்லில் டேட்டாபேஸும் ஸ்கீமாவும் ஒன்றுதான், எல்லை தாண்டுவது அங்கே பெரிய விஷயமில்லை. புரொசீஜர்கள் இயல்பாகவே டிஃபைனரின் (புரொசீஜரின் சொந்தக்காரராகப் பதிவான கணக்கு) அனுமதியில் ஓடும். கூப்பிடுபவருக்கு அந்தப் புரொசீஜர் மேல் எக்ஸிக்யூட் போதும். டிஃபைனராக ரூட்டை விட்டுவைக்காமல், தேவையான செலக்ட் மட்டும் உள்ள ஒரு கணக்கை வையுங்கள். அந்தக் கணக்கை யாராவது அழித்தால் 1449 பிழை வரும்.

போஸ்ட்கிரெஸ்ஸில் ஓர் இணைப்பு ஒரே டேட்டாபேஸோடுதான். நேரடியாக இன்னொன்றைத் தொட முடியாது. டிபிலிங்க் அல்லது போஸ்ட்கிரெஸ்_எஃப்டிடபிள்யூ வேண்டும். ஒரே டேட்டாபேஸில் பல ஸ்கீமாவாக வைத்தால் பாதித் தலைவலி போய்விடும். செக்யூரிட்டி டிஃபைனர் ஃபங்ஷன் எழுதினால் இரண்டைக் கட்டாயம் செய்யுங்கள்: சர்ச்_பாத்தை ஃபங்ஷனிலேயே கட்டிப்போடுவது, பப்ளிக்கிடமிருந்து எக்ஸிக்யூட்டை ரிவோக் செய்வது. அங்கே புது ஃபங்ஷனை எல்லாரும் ஓட்டலாம் என்பதுதான் ஆரம்ப நிலை.

ஆரக்கிளிலும் டிஃபைனர் உரிமைதான் இயல்பு. ரோல் வழியாக வந்த அனுமதி அந்தப் புரொசீஜருக்குள் எடுபடாது, டேபிள் அனுமதியைப் புரொசீஜரின் சொந்தக்காரருக்கு நேரடியாகக் கொடுக்க வேண்டும். வெளியில் குவரி ஓடுகிறது, புரொசீஜருக்குள் போட்டால் ஓடவில்லை என்பவர்களின் பிரச்சினை பெரும்பாலும் இதுதான்.

அஸூர் எஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இந்தச் சர்டிஃபிகேட் வித்தை செல்லுமா?

வேறு டேட்டாபேஸின் பெயரைச் சேர்த்து எழுதினாலே 40515 பிழை வரும், அனுமதி வரைக்கும் போகவே முடியாது. ஒரே டேட்டாபேஸுக்குள் கையொப்பமிடலாம். அஸூர் எஸ்க்யூஎல் மேனேஜ்ட் இன்ஸ்டன்ஸ் என்றால், டேட்டாபேஸ் தாண்டி எழுதும் குவரிகள் அங்கே ஓடும்.